ஒரே காரியத்துக்காக வருடக்கணக்கில் ஜெபிப்பது அவிசுவாசமா?

கடைசி_வரிசை எழுதியது:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன். என் தம்பிக்குக் குடிப்பழக்கம். கல்லூரியில் ஆரம்பித்தது, இப்போது வேலையும் போய், பேசி வைத்த சம்பந்தமும் கைநழுவி, தூத்துக்குடியில் அம்மாவோடு இருக்கிறான். அம்மா அவனுக்காக ஜெபிக்காத நாளே கிடையாது, வெள்ளிக்கிழமை உபவாசம் வேறு. நான் சென்னையில் இருந்துகொண்டு இரவில் ஜெபிக்கிறேன். ஆனால் அது ஜெபமா பழக்கமா என்று எனக்கே சந்தேகம், "ஆண்டவரே, தம்பியை விடுதலையாக்கும்" என்று வாய் சொல்லி முடிப்பதற்குள் மனம் நாளைய ஆபீஸ் வேலைக்குப் போய்விடுகிறது.

சமீபத்தில் அம்மா போகும் ஜெபக் கூட்டத்தில் ஒருவர் (நல்ல மனிதர்தான், பெயர் வேண்டாம்) அம்மாவிடம், "ஒரு தடவை கேட்டுவிட்டால் பெற்றுக்கொண்டேன் என்று நன்றி சொல்ல ஆரம்பியுங்கள், திரும்பத் திரும்பக் கேட்டால் முதல் ஜெபத்தை நீங்களே நம்பவில்லை என்று அர்த்தம்" என்று சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து அம்மா ஆளே சரியில்லை. இத்தனை வருடம் கேட்டதே தடையாகிவிட்டதோ என்று போனில் அழுகிறார்கள். அதே கூட்டத்தில் இன்னொரு அக்கா, பரலோகக் கதவு உடையும்வரை தட்டுங்கள், முழு இரவு ஜெபம் வையுங்கள், நாற்பது நாள் எடுங்கள் என்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது?

அப்புறம் எனக்கென்று ஒரு கேள்வி. எதிர்பார்ப்போடு ஜெபி என்று எல்லாரும் சொல்கிறார்கள். எதிர்பார்த்து எதிர்பார்த்து ஏமாந்த பிறகு எப்படி எதிர்பார்ப்பது? நானாக வலிந்து வரவழைத்துக்கொண்டால் நடிப்பது போல இருக்கிறது. வசனத்தோடு சொன்னால் அம்மாவுக்குப் படித்துக் காட்டுவேன்.

---

நாசரேத்_அண்ணாச்சி எழுதியது:

தங்கச்சி, அம்மாவிடம் முதலில் இதைச் சொல்லுங்கள்: அவர்கள் ஜெபித்தது எதுவும் தடையாகவில்லை. வேதத்தில் அப்படி ஒரு இடம் எனக்குத் தெரிந்து இல்லை.

1 இராஜாக்கள் 18-ஐ அம்மாவோடு உட்கார்ந்து மெதுவாக வாசியுங்கள். கர்மேல் மலை, எலியா, பாகால் தீர்க்கதரிசிகள், வானத்திலிருந்து அக்கினி எல்லாம் நமக்கு ஞாயிறு பள்ளியிலிருந்தே மனப்பாடம். அக்கினிக்காக எலியா ஜெபித்த ஜெபம் இரண்டே வசனம்தான், சொல்லி முடித்ததும் அக்கினி இறங்கிவிட்டது. பிரசங்கத்தில் பெரும்பாலும் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். அதே நாள், அதே மலை, அதே மனிதர், அடுத்ததாக மழைக்கு ஜெபிக்கிறார், மழை வரவில்லை. முகத்தை முழங்கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டு தரையில் கிடக்கிறார், வேலைக்காரனை அனுப்பிக் கடலைப் பார்க்கச் சொல்கிறார், அவன் வந்து "ஒன்றும் இல்லை" என்கிறான். திரும்பப் போ. திரும்பவும் ஒன்றும் இல்லை. ஏழாம் தரம்தான் ஒரு மனுஷனுடைய உள்ளங்கை அளவுக்கு ஒரு மேகம்.

இதில் கவனிக்க வேண்டியது, மழை தருவேன் என்று கர்த்தர் அந்த அதிகாரத்தின் முதல் வசனத்திலேயே சொல்லிவிட்டார். ஆகாப் ராஜாவிடம் எலியாவே "பெருமழையின் இரைச்சல் கேட்கப்படுகிறது" என்று சொல்லியும் அனுப்பிவிட்டார். வாக்குத்தத்தம் கையில் இருக்கிறது, வாயால் அறிக்கையும் செய்தாகிவிட்டது, அதற்குப் பிறகும் அந்த மனிதர் கீழே விழுந்து கேட்டுக்கொண்டே இருக்கிறார். இதை அவிசுவாசம் என்று சொல்ல யாருக்குத் துணிச்சல் வரும்? யாக்கோபு தன் நிருபத்தில் விசுவாசமுள்ள ஜெபத்துக்கு உதாரணமாக இவரைத்தான் காட்டுகிறார், 5-ஆம் அதிகாரம் 17, 18.

எதிர்பார்ப்பு பற்றிக் கேட்டீர்களே, அதற்கும் அந்த வேலைக்காரன்தான் பதில். எலியாவுக்கு அந்த நேரம் உள்ளுக்குள் என்ன உணர்ச்சி இருந்தது என்று வேதம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. உற்சாகமாக இருந்தாரா சோர்ந்து கிடந்தாரா, தெரியாது. ஆனால் ஒவ்வொரு தடவையும் ஆள் அனுப்பிப் பார்க்கச் சொன்னார் என்று இருக்கிறது. எதிர்பார்ப்பு என்றால் எனக்கு இவ்வளவுதான்: கேட்டுவிட்டு அந்தப் பக்கம் பார்க்கிறது. மனதில் சூடு கிளம்புகிறதா இல்லையா என்று சோதித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. தம்பியிடம் சின்னதாக ஏதாவது மாறுகிறதா, புதிதாக யாராவது அவனோடு பேசுகிறார்களா, அவனே ஏதாவது கேட்கிறானா என்று பாருங்கள். ஒன்றும் இல்லை என்றால் ஒன்றும் இல்லை என்றே ஆண்டவரிடம் சொல்லுங்கள், அந்த வேலைக்காரன் ஆறு தடவை அதைத்தான் சொன்னான், எலியா அவனைத் திட்டவில்லை.

---

விசுவாச_அறிக்கை எழுதியது:

அண்ணாச்சி சொன்னதை மதிக்கிறேன், ஆனால் மாற்கு 11:24-ஐ என்ன செய்வது? "எவைகளைக் கேட்டுக்கொள்வீர்களோ, அவைகளைப் பெற்றுக்கொள்வோம் என்று விசுவாசியுங்கள்." இயேசுவே சொன்னது. எரிகோ பட்டணத்தைப் பிடிக்க அதைச் சுற்றி வந்த இஸ்ரவேலர் மதில் நிற்கும்போதே ஆர்ப்பரித்தார்கள். தினமும் "ஆண்டவரே அவன் குடிக்கிறான், ஆண்டவரே அவன் குடிக்கிறான்" என்று பிரச்சினையையே பேசிக்கொண்டிருந்தால் விசுவாசம் எங்கிருந்து வளரும்? மத்தேயு 6:7-இல் அஞ்ஞானிகளைப்போல வீண்வார்த்தைகளை அலப்பாதேயுங்கள் என்றும் இருக்கிறது. அம்மாவை அழவைத்தது தவறு, ஆனால் அந்தச் சகோதரர் சொன்னதில் ஒரு உண்மை இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

---

நாசரேத்_அண்ணாச்சி எழுதியது:

தம்பி, மாற்கு 11:24-ஐ யாரும் கிழித்துப் போடவில்லை. எரிகோவையும்தான், அங்கேயும் ஏழு நாள் சுற்றினார்கள் என்பதை நீங்களே சேர்த்துக்கொள்ளுங்கள். மத்தேயு 6:7-ஐச் சொன்ன அதே வாய்தான் கெத்செமனேயில் மூன்றாந்தரமும் அந்த வார்த்தைகளையே சொல்லி ஜெபித்தது, 26:44. திரும்பச் சொல்வதை அவர் குறை சொல்லவில்லை, அதிக வசனிப்பினால் காரியம் நடக்கும் என்று நினைக்கிறதைத்தான் குறை சொன்னார். பவுல் தன் மாம்சத்தில் இருந்த முள் என்று சொன்ன உபத்திரவம் நீங்க மூன்று தரம் வேண்டிக்கொண்டார், அவருக்கு விசுவாசம் போதவில்லை என்று பதில் வரவில்லை, "என் கிருபை உனக்குப்போதும்" என்றுதான் வந்தது.

நன்றி சொல்லி ஜெபிக்க வேண்டும் என்பதில் எனக்கும் உங்களுக்கும் சண்டை இல்லை, பிலிப்பியர் 4:6-இல் விண்ணப்பமும் ஸ்தோத்திரமும் சேர்ந்தே வருகிறது. ஆனால் ஒரு தாயின் விண்ணப்பத்தைப் பறித்துவிட்டு ஸ்தோத்திரத்தை மட்டும் கையில் கொடுக்கிற அதிகாரம் நமக்கு இல்லை.

கதவு உடையும்வரை தட்டச் சொன்ன அக்காவுக்கும் ஒன்று. லூக்கா 18-இல் அந்த விதவை ஓயாமல் அலட்டுகிறாள் என்று நியாயம் செய்தவன் அநீதியுள்ள நியாயாதிபதி, தேவனுக்கும் பயப்படாதவன் மனுஷரையும் மதியாதவன். அப்படிப்பட்டவனே செய்கிறான் என்றால் உங்கள் பிதா செய்யாமல் விடுவாரா என்பதுதான் அங்கே கேள்வி. பிதாவை அந்த ஆளாக நினைத்துக்கொண்டு, இத்தனை நாள் உபவாசம் போட்டால்தான் மசிவார் என்று கணக்குப் போட்டால், உவமையைத் தலைகீழாகப் பிடித்த மாதிரி. விதவை விடாமல் போனாள், ஏனென்றால் போவதற்கு அவளுக்கு வேறு இடம் இல்லை. அம்மாவும் அதனால்தான் போகிறார்கள், போகட்டும்.

---

ஆகஸ்ட்_27 எழுதியது:

நான் கத்தோலிக்கப் பெண், நீங்கள் ஜெபம் என்கிறதை நாங்கள் செபம் என்போம், உள்ளே வரலாமா என்று தயங்கித்தான் வருகிறேன். என் பயனர் பெயரைப் பார்த்தாலே எங்கள் ஆட்களுக்குப் புரிந்திருக்கும், அன்றுதான் புனித மோனிக்கா திருவிழா. மறுநாள் 28, அவர் மகன் அகுஸ்தீனார் திருவிழா. அம்மாவையும் பிள்ளையையும் காலண்டரில் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள்.

மோனிக்கா கதையைக் கூட்டங்களில் சொல்லும்போது அழுதார், செபித்தார், மகன் மனந்திரும்பினார் என்று மூன்று வாக்கியத்தில் முடித்துவிடுவார்கள். அகுஸ்தீனாரே தன் வாழ்க்கையைப் பற்றி எழுதியதைப் படித்தால் அவ்வளவு நேராக இல்லை. அவர் இருபதுகளின் கடைசியில் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜிலிருந்து உரோமைக்குக் கப்பலேறக் கிளம்புகிறார். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை, கடற்கரை வரைக்கும் வந்து பிடித்துக்கொள்கிறார். நண்பனை வழியனுப்பப் போகிறேன் என்று பொய் சொல்லி, அம்மாவைப் பக்கத்தில் புனித சிப்ரியான் நினைவுக் கோவிலில் அன்றிரவு தங்கவைத்துவிட்டு, இவர் கப்பலேறிவிடுகிறார். அம்மா அந்த இரவு முழுக்க உள்ளே அழுதுகொண்டு கேட்டது ஒன்றே ஒன்று: அவனைப் போகவிடாதேயும். விடிந்து பார்த்தால் கப்பலைக் காணோம்.

அந்த ஒரு இரவின் செபத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் கடவுள் கேட்கவே இல்லை. ஆனால் இத்தாலிக்குப் போனதால்தான் அவர் மிலானில் ஆயர் அம்புரோசைச் சந்தித்தார், அங்கேதான் 387 பாஸ்கா அன்று திருமுழுக்குப் பெற்றார். அம்மா எப்போதும் கேட்டுக்கொண்டிருந்ததைக் கொடுப்பதற்காக, அன்றிரவு கேட்டதைக் கடவுள் மறுத்தார் என்று அகுஸ்தீனாரே பிற்பாடு எழுதுகிறார். எனக்கு எதிர்பார்ப்பு பற்றி இதைவிட நன்றாகச் சொன்னவர் யாருமில்லை. இந்த வேலை கிடைக்க வேண்டும், இந்தத் தேதிக்குள் நிறுத்த வேண்டும் என்று வழியையும் சேர்த்து நாம் கேட்கிறோம், வழி அடைபடும்போது செபமே அடைபட்டது என்று நினைத்துவிடுகிறோம்.

இன்னொன்று, உங்கள் அம்மாவுக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன். மோனிக்கா ஒரு ஆயரிடம் போய், என் மகனிடம் பேசுங்கள் என்று நச்சரிக்கிறார். அவர், இப்போது பேசினால் ஏறாது, விட்டுவிடுங்கள், செபம் மட்டும் பண்ணுங்கள் என்கிறார். இவர் விடவில்லை, அழுதுகொண்டே நிற்கிறார். கடைசியில் அவர் கொஞ்சம் சலித்துப்போய்த்தான், போங்கம்மா, இவ்வளவு கண்ணீரின் பிள்ளை அழிந்துபோக முடியாது என்று சொல்லி அனுப்புகிறார். ஒரு பெரியவர் பொறுமை இழந்து சொன்ன வார்த்தையை அந்த அம்மா வானத்திலிருந்து வந்த குரலாக எடுத்துக்கொண்டார்!

(சிறு வயதில் மோனிக்காவுக்கே திராட்சை மது ருசி பழகிப்போய், வீட்டுக்கு மது எடுக்கப் போகும்போது ஒளிந்து குடிப்பாராம். வீட்டு வேலைக்காரப் பெண் ஒருநாள் சண்டையில் குடிகாரி என்று சொல்லிவிட, வெட்கப்பட்டு நிறுத்தினாராம். இதுவும் மகன் எழுதியதுதான். குடிக்கிற பிள்ளைகளின் அம்மாக்கள் யாரும் இதை எங்கள் பங்கில் கேட்டதே இல்லை என்பது என் வருத்தம்.)

---

வார்டு_சிஸ்டர் எழுதியது:

நான் வசனம் சொல்ல வரவில்லை, மேலே நிறைய வந்துவிட்டது. நர்ஸ் வேலை பார்க்கிறேன், ஜெபிக்கிறவள்தான். ஒரு விஷயம் சொல்லியே ஆகவேண்டும்.

தினமும் அதிகமாகக் குடிக்கிற ஒருவர் திடீரென்று ஒரே நாளில் நிறுத்தினால் அது ஆபத்து. முதல் நாளே கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை வரும், சிலருக்கு வலிப்பு வரும். இரண்டு மூன்று நாளில் சிலருக்குக் குழப்பம், இல்லாதது கண்ணுக்குத் தெரிவது, ஆள் அடையாளம் தெரியாமல் கத்துவது எல்லாம் வரும். டெலிரியம் ட்ரெமன்ஸ் என்று பெயர், கவனிக்காவிட்டால் உயிரே போகலாம். உபவாசக் கூடுகைக்குக் கூட்டிக்கொண்டு போய் மூன்று நாள் உட்காரவைத்து, மூன்றாம் நாள் அவர் பிதற்றுவதைப் பார்த்து அசுத்த ஆவி என்று சத்தம் போட்டு ஜெபித்து, ரொம்பத் தாமதமாக வார்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்ததைப் பார்த்திருக்கிறேன். நாற்பது நாள் எடுங்கள் என்று சொன்ன அக்கா தம்பியையும் சேர்த்து உட்காரவைக்கச் சொல்வார்களோ என்று பயந்துதான் இதை எழுதுகிறேன்.

டாக்டர் மேற்பார்வையில் நிறுத்தினால் இதற்கெல்லாம் மாத்திரை இருக்கிறது, வைட்டமின் பி1 போடுவார்கள், சில நாளில் உடம்பு நிதானத்துக்கு வரும். ஆனால் உடம்பு தேறியதோடு முடியாது, அதற்கப்புறம்தான் நீண்ட வேலை. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் தமிழிலும் நடக்கின்றன, குடிக்கிறவர்களின் வீட்டாருக்கு அல்-அனான் என்று தனிக் குழு இருக்கிறது. உங்கள் அம்மாவுக்கு அது முக்கியம். தனியாக இதைச் சுமந்த அம்மாக்களைப் பார்க்கிறேன், நோயாளியைவிட அவர்கள்தான் உடைந்து போயிருப்பார்கள்.

ஒருமுறை குணமாகி மறுபடி குடிப்பது இந்த வியாதியில் அடிக்கடி நடப்பது. அப்போது ஜெபம் தோற்றுவிட்டது என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

---

விசுவாச_அறிக்கை எழுதியது:

சிஸ்டர் சொன்னதற்கு ஆமென். மருந்தும் அவர் கொடுத்ததுதான். ஆனாலும் வீட்டில் அவனைப் பற்றிப் பேசும்போது "இவன் உருப்படமாட்டான்" என்கிற பேச்சு மட்டும் வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள், காலையில் முழங்காலில் ஒன்று கேட்டுவிட்டு மத்தியானம் வாயால் வேறொன்று சொல்லக்கூடாது என்பதுதான் என் கட்சி, அவ்வளவுதான்.

---

பிரிஸ்டல்_தமிழன் எழுதியது:

ஜார்ஜ் முல்லரைப் பற்றி யாரும் இன்னும் ஆரம்பிக்காதது ஆச்சரியம், விடாமல் ஜெபிப்பது என்றாலே நம் ஊரில் முதல் உதாரணம் அவர்தானே. நான் இருக்கிற இங்கிலாந்தின் பிரிஸ்டல்தான் அவர் அநாதை இல்லங்கள் நடத்தின ஊர். ஆஷ்லி டவுன் பக்கம் போனால் அவர் அநாதைப் பிள்ளைகளுக்காகக் கட்டின ஐந்து பெரிய கல் கட்டடங்களையும் இன்றைக்கும் பார்க்கலாம். யாரிடமும் பணம் கேட்காமல், ஜெபத்தை மட்டும் நம்பிக் கட்டினார் என்று சாட்சிக் கூட்டங்களில் கேட்டிருப்பீர்கள்.

அதைவிட இந்தக் கேள்விக்குப் பொருந்துகிறது வேறொன்று. 1844 நவம்பரில் ஐந்து பேருடைய மனந்திரும்புதலுக்காக ஒரு நாள்கூட விடாமல் ஜெபிக்கத் தொடங்கினார். முதல் ஆள் வர ஒன்றரை வருடம் ஆனது. அதற்கப்புறம் ஐந்து வருடம் கழித்து இரண்டாமவர், மேலும் ஆறு வருடம் கழித்து மூன்றாமவர். மீதி இரண்டு பேர் வரவில்லை. முப்பத்தாறு வருடம் கழித்து அவரே இதைச் சொல்லும்போது, இரண்டு பேரும் இன்னும் மனந்திரும்பவில்லை, நான் தொடர்ந்து ஜெபிக்கிறேன், பதிலை எதிர்பார்க்கிறேன் என்றுதான் நிறுத்தினார். நம் பிரசங்கிகள் அதற்கு மேலே ஒரு முடிவைச் சேர்த்துச் சொல்வார்கள். எனக்கு அவர் நிறுத்தின இடமே போதும். ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்குச் சாப்பாடு ஜெபத்தினால் வந்ததைக் கண்ணால் பார்த்த மனிதர், இந்த இரண்டு பேர் காரியத்தில் வெறும் கையோடு நின்றார், எதிர்பார்க்கிறதை விடவில்லை. ஒன்றில் கிடைத்ததை வைத்து இன்னொன்றுக்குத் தேதி குறிக்கவும் இல்லை.

முல்லரே பிரஷ்யாவில் வளர்ந்த காலத்தில் படுமோசமான பையன். அப்பா பணத்தைத் திருடினவர், விடுதியில் தங்கிக் கடன் கொடுக்காமல் பதினாறு வயதில் ஜெயிலுக்கும் போனவர். அவருக்குப் பதினான்கு வயதாக இருந்தபோது அம்மா சாகக் கிடந்த இரவில், அது தெரியாமலே சீட்டாடிக்கொண்டிருந்தார், மறுநாள் பாதிப் போதையில் தெருவில் திரிந்தார். 1825-இல் ஹாலே நகரத்தில் ஒரு வீட்டு ஜெபக் கூட்டத்துக்கு நண்பன் கூட்டிக்கொண்டு போனதில்தான் எல்லாம் மாறியது. உங்கள் தம்பிக்கு ஒரு நண்பன் கிடைக்க வேண்டும் என்று ஜெபியுங்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. ஜெபம் நடிப்பாகிவிட்டது என்றீர்களே, "விடுதலையாக்கும்" என்று மொத்தமாகக் கேட்பதைவிட இப்படி ஒன்றைக் குறிப்பாகக் கேட்டால் மனமும் அங்கே நிற்கும்.

---

கடைசி_வரிசை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. அண்ணாச்சி எழுதியதையும் மோனிக்கா கதையையும் அம்மாவுக்குப் போனில் படித்துக் காட்டினேன். கப்பல் இடத்தில் அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை, பிறகு "அந்தப் பையன் பொய் சொன்னதெல்லாம் நம்மவன் மாதிரியே இருக்கு" என்று சிரித்தார்கள். வெள்ளிக்கிழமை உபவாசத்தை விடமாட்டார்களாம், ஆனால் தம்பியைச் சாப்பிடாமல் உட்காரவைக்க மாட்டேன் என்று சிஸ்டருக்குச் சொல்லச் சொன்னார்கள்.

எனக்கு அப்போஸ்தலர் 12 ஞாபகம் வந்தது. பேதுரு ஜெயிலில், சபை ஊக்கமாக ஜெபிக்கிறது, அவர் விடுதலையாகி வந்து கதவைத் தட்டினால் ரோதை என்ற பெண் சொல்வதை ஜெபித்துக்கொண்டிருந்தவர்களே நம்பாமல் "நீ பிதற்றுகிறாய்" என்கிறார்கள். எதிர்பார்ப்பில் நான் பரவாயில்லை போல. ஆனால் அதே அதிகாரம் இரண்டாம் வசனத்தில் யோவானுடைய சகோதரன் யாக்கோபை ஏரோது ராஜா பட்டயத்தினாலே கொலை செய்துவிட்டான் என்றும் இருக்கிறது, அதைத் தாண்டிப் போக முடியவில்லை.

இன்னும் ஒன்று. நாங்கள் ஜெபிக்கிறோம் என்று தம்பியிடம் சொல்லலாமா? சொன்னாலே எரிந்து விழுகிறான். டாக்டரிடம் போகலாம் என்று நான் போன தடவை சொன்னபோது "பார்க்கலாம்" என்றான். மாட்டேன் என்று சொல்லவில்லை.

---

நாசரேத்_அண்ணாச்சி எழுதியது:

யாக்கோபு காரியத்துக்கு என்னிடம் பதில் இல்லை தங்கச்சி, அப்போஸ்தலர் நடபடிகளை எழுதின லூக்காவும் காரணம் சொல்லாமல்தான் எழுதிவிட்டுப் போகிறார். யாக்கோபு செத்த பிறகுதான் அந்தச் சபை பேதுருவுக்காக ஜெபித்தது என்பதை மட்டும் பார்க்கிறேன்.

தம்பியிடம் ஜெபத்தைப் பற்றிப் பேச வேண்டாம், அந்த ஆயர் மோனிக்காவிடம் சொன்னதுதான். "பார்க்கலாம்" என்றானா? ஒன்றும் இல்லை என்று இதைக் கணக்கில் எழுதாதீர்கள்.

---

வார்டு_சிஸ்டர் எழுதியது:

"பார்க்கலாம்" என்று சொன்ன வாரத்திலேயே கூட்டிக்கொண்டு போங்கள், அடுத்த மாதம் வேறு மனநிலை இருக்கும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்றால் மனநலப் பிரிவில் கேளுங்கள். தினமும் எவ்வளவு குடிக்கிறார், கடைசியாக எப்போது குடித்தார், முன்பு எப்போதாவது வலிப்பு வந்ததா, இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். அம்மா மட்டும் போக வேண்டாம், கூட ஒரு ஆண் துணை இருந்தால் நல்லது. எந்த நாள் போகிறீர்கள் என்று இங்கே போடுங்கள், நானும் அன்றைக்கு ஜெபிக்கிறேன்.